கான்வாய் கலைந்த பிறகு: அந்தமான் கார் பிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

தெற்கு அந்தமானில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கூடிக் கிளம்பும் கார் பிரியர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள், பழைய ஜிப்சியின் துருவைச் சுரண்டிப் புதுப்பித்தவர்கள், மெயின்லேண்டில் வாங்கிய வண்டி கப்பலில் வந்து இறங்கும்வரை சரியாகத் தூங்காதவர்கள் என்று உங்களில் பல ரகம் உண்டு. அத்தனை பேரையும் எனக்குப் பிடிக்கும். பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நான். வண்டியை நேசிக்கிறவர்களால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் கேட்டுக்கும் மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கும் நடுவில் எப்படி ஓட்டுகிறீர்களோ, அதே போல மற்றச் சாலைகளிலும் ஓட்டுங்கள்.

அந்த 49 கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். கேட்டில் வரிசையாக நிற்கிறோம். நேரம் வந்ததும் கான்வாய் நகர்கிறது. 40-க்கு மேல் போகக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அரசு பஸ், சரக்கு லாரி, டூரிஸ்ட் இன்னோவா, உங்கள் தார் எல்லாம் ஒரே வரிசை. 150 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் ஒரு பழைய லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அடக்கமாக வருகிறது. அதனால் யாருடைய கௌரவமும் குறைந்ததில்லை. வண்டி வாங்கியதே வீண் என்று அன்றைக்கு யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பது உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் புகுந்து போகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர். 1997-98 வாக்கில்தான் அவர்கள் நம்மிடம் பகையில்லாமல் வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலையில் அவர்களுடைய காப்பகத்தின் ஊடாகச் செல்லும் பகுதியை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. 2012-ல் சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ வெளிவந்தபோது நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தத் தடை சில வாரங்களில் விலகியது. ஆக, இந்தச் சாலையில் நாம் போவது நிபந்தனையோடு கிடைத்த சலுகை. குழுவாகப் போகும்போது ஜன்னலை இறக்கிக் கைபேசியை நீட்டுகிற ஒரே ஒருவர் இருந்தாலும் அவரை அடுத்த பயணத்துக்குச் சேர்க்காதீர்கள். அது சிறைக்குப் போகக்கூடிய குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்தக் காடு அவர்களுடையது.

கேட் தாண்டிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒன்றரை மணி நேரம் அடைத்து வைத்தது போலத் திணறிக்கொண்டு வந்த வண்டிகள் ஜிர்காடாங்கில் வெளியே வந்ததும் பாய்கின்றன. ஒரே நேரத்தில் வெளியே வரும் அத்தனை வண்டிகளுக்கும் போர்ட் பிளேர்தான் இலக்கு. 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது; என் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. ஃபெரார்கஞ்ச் வரும்வரை யார் யாரை முந்துவது என்ற போட்டி. வளைவில், மேட்டின் முகட்டில், எதிரே பஸ் வருவது தெரியாத இடத்தில் முந்துகிறார்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்தி வழவழப்பாக்கிய துண்டுகளில் வேகம் தானாக ஏறுகிறது. அந்தத் துண்டு முடிந்து பழைய குறுகல் தொடங்கும் இடத்தில் வேகத்தை இறக்கத்தான் நேரம் இருப்பதில்லை.

வடக்கே போய்த் திரும்பும்போது, கான்வாயைப் பிடிக்கும் முன் நடப்பது இன்னும் மோசம். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மாயாபந்தரில் ஒரு இரவு, ரங்கத்தில் ஒரு சாப்பாடு, ஆம்குஞ்ச் கடற்கரையில் நாலு படம் என்று நேரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கடைசி கான்வாயைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இரவு மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கு அக்கரையில், பாராடாங்கில். ரங்கத்திலிருந்து பாராடாங் வரை நம் ஆட்கள் ஓட்டும் ஓட்டத்தைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஹம்ஃப்ரே ஸ்ட்ரெய்ட்டில் பாலம் வந்ததால் மிச்சமான நேரத்தைக்கூட நாம் பாதுகாப்புக்குச் செலவிடவில்லை. கிளம்புவதைத் தள்ளிப்போடச் செலவிட்டுவிட்டோம். அந்தமானில் ஒரு குழு செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு பணமே கேட்காதது: கடைசி கான்வாயை நம்பித் திட்டம் போடாமல், அதற்கு முந்தைய கான்வாய்க்கு வருவதாகத் திட்டம் போடுவது. அது தவறினால் கடைசி கான்வாய் இருக்கிறது. அதுவும் தவறினால் ரங்கத்திலோ பாராடாங்கிலோ தங்கிவிடுவது. மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு லீவு சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊர் இருட்டையும் கணக்கில் எடுங்கள். நாம் இருப்பது 92 டிகிரி தீர்க்கரேகைக்கும் கிழக்கே, கடிகாரமோ 82.5 டிகிரிக்கு வைத்த இந்திய நேரம். அதனால் நவம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பிற்பகலில் மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து கிளம்பும் கடைசி கான்வாய் ஜிர்காடாங் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மிச்சமுள்ள ஐம்பது கிலோமீட்டரும் இருட்டு. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். களைத்த கண், நனைந்த சாலை, எதிரே பாயும் எல்.இ.டி. பார் விளக்கு, பின்னால் அவசரப்படும் கூட்டாளி, எல்லாம் ஒரே மணி நேரத்தில் கூடுகின்றன.

இனி நான் சொல்லப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் வண்டியில் ஏறும்போது யாரும் நினைப்பதில்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் ஒரு விபத்து நடந்தால் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும். இங்கே பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் ஒன்றுதான். மாயாபந்தரில் டாக்டர் ஆர்.பி. மருத்துவமனை இருக்கிறது, ரங்கத்தில் சமுதாய சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள டாக்டர்களும் நர்சுகளும் தங்களால் முடிந்ததற்கு மேலேயே செய்கிறார்கள். ஆனால் தலையில் பலத்த அடி, உள்ளே ரத்தக்கசிவு என்றால் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுவர வேண்டும். வழியில் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஆம்புலன்ஸும் வாகனப் படகில் ஏறித்தான் இறங்க வேண்டும். அதன் பிறகு செல்போன் சிக்னலே இல்லாத காடு. போர்ட் பிளேரிலும் முடியாது என்றால் சென்னை: விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடலில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். விமானம் இருக்க வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும், படுக்கை வைக்க இடம் கிடைக்க வேண்டும். அடிபட்டவரைக் காப்பாற்றும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். கடம்தலாவுக்கு வடக்கே அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடையாது. நாம் அழுத்தும் ஆக்ஸிலரேட்டருக்கும் மெயின்லேண்டில் அழுத்தும் ஆக்ஸிலரேட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே பிழைத்துக்கொள்ளக்கூடிய அடி இங்கே பிழைக்க முடியாத அடியாகிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்து மூளை காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடுகிறோம். காய்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 9 மீட்டர். மொத்தம் 20. வேகத்தை 80 ஆக்கினால் இரட்டிப்பு என்று நினைப்போம், அப்படி இல்லை. யோசிக்கும் விநாடிக்கு 22 மீட்டர், நிற்க 36 மீட்டர், ஆக 58. காரணம், வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மழையில் பிடிமானம் பாதியாகக் குறைந்தால் 40-ல் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். 80-ல் 90 மீட்டரைத் தாண்டும். சிடியாதாபு சாலையில் 90 மீட்டர் நேராகப் பார்க்கக் கிடைக்கும் இடம் எத்தனை? வண்டூர் போகும் வழியில், ஹேவ்லாக்கில் ராதாநகருக்குப் போகும் காட்டுப் பாதையில் எத்தனை? இங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மரநிழல் விழும் வளைவுகளில் தார் மேல் பாசி படிகிறது. மழை நின்று வெயில் அடித்த பிறகும் அந்த இடம் மட்டும் வழுக்கும். நல்ல ஓட்டுநர் என்று நான் மதிக்கிறவர் யார் என்று கேட்டால், தன் கண்ணுக்குத் தெரிகிற சாலைக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் எப்போதும் இருப்பவர் என்பேன்.

பட்டறைக்காரன் என்பதால் இதை விட்டுப் போக முடியாது. உங்களில் பலர் அலாய் வீலுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் செலவு செய்கிறீர்கள். பிரேக் ஆயிலை மாற்றியது எப்போது என்று கேட்டால் முழிக்கிறீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அதற்கு உத்தரவாதமான கொதிநிலை 155 டிகிரிதான். வருடம் முழுக்கக் கடற்காற்று ஈரமாக வீசும் ஊர் இது. மவுண்ட் ஹாரியட்டின் (இப்போது மவுண்ட் மணிப்பூர்) உச்சியிலிருந்து காலை பிரேக்கிலேயே வைத்தபடி இறங்கினால் ஆயில் சூடேறிக் குமிழ் விடும். குமிழ் விட்டால் பெடல் பஞ்சு போலத் தரைவரை போகும். அப்போது வண்டி நிற்காது. இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டு எஞ்சினை இழுக்கவிடுங்கள். ஆயிலை இங்கே ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. உப்புக் காற்றில் பிரேக் பைப்புகள் வண்டிக்கு அடியில் துருப்பிடிக்கும். மேலே பாலிஷ் மின்னுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வருடம் ஒரு முறை வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. நம் தீவுக்குச் சரக்கு கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, பிறகு கடைக்கு வருகிறது. வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். பட்டன் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் சட்டப்படியே செல்லாது. நம் மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் தேங்கிய இடத்தில் தேய்ந்த டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதந்து போகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

முன்பக்கம் இரும்புக் குழாய் பம்பர் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த புல் பார்களை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மோதலின் விசையை நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பக்கத்தை அது நசுங்கவிடாது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கும். வண்டிக்கு வெளியே நடந்து போகிறவர் மீது பட்டால் சொல்லவே வேண்டாம். என்னிடம் மாட்டித் தரக் கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே போல, சீட் பெல்ட் சத்தத்தை நிறுத்த ஒரு க்ளிப் விற்கிறார்களே, 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களை அதை எடுக்கவைத்தது. உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே கடலில் போடாமல் குப்பையில் போடுங்கள்.

பின்சீட்டில் பெல்ட் போடும் பழக்கம் நம் குழுக்களில் அறவே இல்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் இருந்தார். வண்டி விலை உயர்ந்த மெர்சிடிஸ், பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். நம் பயணங்களில் பின்சீட்டில் இருப்பது யார்? உங்கள் தங்கை, மனைவி, பிள்ளைகள், நண்பனின் அம்மா. குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது என் வயிறு கலங்குகிறது.

சட்டத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் இரண்டும் கூடும். பதினெட்டு நிரம்பாத தம்பியிடம் சாவியைக் கொடுத்து அவன் தப்பு செய்தால் அப்பாவுக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பலருக்குத் தெரியாதது இன்ஷூரன்ஸ் விஷயம். உங்கள் பாலிசியை எடுத்து வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அச்சிட்டிருக்கும். நேராகப் போகும் ஒரு துண்டில் யாருடைய வண்டி முதலில் நூறைத் தொடும் என்று இருவர் பார்த்த அன்று விபத்து நடந்தால், இழப்பீடு கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு அந்த வரி குறுக்கே வரும்.

வேகம் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேகத்துக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் மோட்டார் ஓட்டப் பிரியர்கள் 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். மவுண்ட் ரோட்டில் பந்தயம் விடாமல் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தைத் தேடிப் பிடித்தார்கள். வைக்கோல் பொதிகளையும் டிரம்களையும் வைத்துப் பாதையை வகுத்து ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தங்களுக்கென்று ஒரு நிரந்தரத் தடத்தையே கட்டினார்கள். கோவையில் கரிவர்தன் பெயரில் இன்னொரு தடம் இருக்கிறது. அவர்களுக்கும் உங்கள் வயதில் உங்கள் ரத்தம்தான் ஓடியது. ஆசையை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ததில்தான் அவர்கள் பெரியவர்கள்.

அப்படிப்பட்ட தடத்திலும் மரணம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயத்தின்போது மூத்த ஓட்டுநர் கே.ஈ. குமாரின் வண்டி இன்னொரு வண்டியோடு மோதித் தடத்தை விட்டு விலகி வேலியில் அடித்துக் கவிழ்ந்தது. பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது. ஆம்புலன்சும் டாக்டர்களும் அங்கேயே இருந்தார்கள். 59 வயதான, பல்லாண்டு அனுபவமுள்ள அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கூண்டுக் கம்பி, ஒரே திசையில் ஓடும் வண்டிகள், வாசலில் மருத்துவக் குழு இத்தனையும் உள்ள இடத்திலேயே நிலைமை இது. டீ-சர்ட்டும் ரப்பர் செருப்புமாக, எதிரே பள்ளிக்கூட பஸ் வரும் பாதையில் நாம் என்ன தைரியத்தில் அதைச் செய்கிறோம்?

நம் தீவில் பந்தயத் தடம் இல்லை. ஆனால் நம் சாலைகளுக்கென்றே அமைந்தது போல ஒரு போட்டி இருக்கிறது: டி.எஸ்.டி. ராலி. நேரம், வேகம், தூரம் என்ற மூன்றின் கணக்கு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வழிகாட்டி ஒருவர். பாதைக் குறிப்பும், ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகமும் கொடுப்பார்கள். சட்ட வேகத்துக்குள்தான் இருக்கும். வழியில் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாத சோதனைச் சாவடிகள். சரியான விநாடியில் கடந்தால் அபராதப் புள்ளி இல்லை. தாமதமாக வந்தாலும் புள்ளி போகும், சீக்கிரம் வந்தாலும் புள்ளி போகும். பல ராலிகளில் சீக்கிரம் வந்ததற்குத்தான் கூடுதல் தண்டனை. இதில் ஜெயிக்க மூளை வேண்டும், நிதானம் வேண்டும், வண்டியின் ஓடோமீட்டரில் எத்தனை பிழை என்பதுவரை தெரிந்திருக்க வேண்டும். மாருதி 800-ல் வந்த கணவனும் மனைவியும் பெரிய எஸ்.யூ.வி.யைத் தோற்கடிக்கலாம். போர்ட் பிளேரிலிருந்து கிளம்பி சிப்பிகாட், மங்குலூட்டான், வண்டூர் என்று சுற்றி வரும் ஒரு பாதையை உங்களால் ஒரு வாரத்தில் வரைந்துவிட முடியும். போக்குவரத்துப் போலீசுக்கும் நிர்வாகத்துக்கும் எழுதி அனுமதி வாங்குங்கள். இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பிடம் விதிகள் இருக்கின்றன. அதற்கு வண்டிகளைப் பரிசோதித்துத் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

குழுவாக ஓட்டும் முறையிலும் மாற்றம் வேண்டும். இப்போது பத்து வண்டிகள் போனால் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. நடுவில் ஊர்க்காரர் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டால் அவர் பாடு திண்டாட்டம். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்து மூன்று விநாடி கழித்துத்தான் உங்கள் வண்டி அதைக் கடக்க வேண்டும், மழையில் ஐந்து விநாடி. பார்வையை விட்டு முன்வண்டி மறைந்தால் பரவாயில்லை. அடுத்து எங்கே கூடுவது என்பதைக் கிளம்பும்போதே பேசிவிடுங்கள். ஒருவரைப் பிடிக்கத் துரத்துவதில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். புதிதாக ஓட்டப் பழகியவரை லீட் வண்டிக்கு அடுத்ததாக விடுங்கள். அவரால் சிரமமில்லாமல் வர முடிகிற வேகம்தான் அன்றைய குழுவின் வேகம். கடைசியில் வருவது உங்களில் மிகவும் பொறுமையானவராக இருக்கட்டும். முதலுதவிப் பெட்டி, இழுக்கும் கயிறு, ஒளிரும் முக்கோணம், டார்ச் அவர் வண்டியில் இருக்கட்டும். குழுவில் இரண்டு பேராவது ரத்தப்போக்கை நிறுத்தவும் கழுத்தை அசைக்காமல் தூக்கவும் முறையாகக் கற்றிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் தீவில் அந்த இரண்டு பேர்தான் முதல் ஆஸ்பத்திரி.

வழியில் யாரோ ஒருவர் விபத்தில் கிடந்தால் நிறுத்துங்கள். போலீஸ் கேள்வி கேட்குமே என்ற பயம் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவியவரைச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது, பெயரைச் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது. விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதையும் உங்கள் ஆட்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி ஒரே வரி. காலையில் கடற்கரைக்குப் போய் மதியம் பாட்டில் திறக்கும் பயணங்கள் நடக்கின்றன; அந்தப் பயணத்துக்கு வண்டியில் போகாதீர்கள்.

போலீஸ் எத்தனை இடத்தில் நிற்க முடியும்? இவ்வளவு நீண்ட சாலையில் எல்லா வளைவிலும் ஆள் போட முடியாது. ஆனால் இருபது வயதுப் பையன் ஒருவன் போலீஸுக்குப் பயப்படுவதைவிட உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்புக் கொடுப்பான். அவன் வளைவில் முந்திவிட்டு வந்து நின்றதும் நீங்கள் கைதட்டினால் அவன் இன்னும் வேகமாக முந்துவான். யாரும் பேசாமல் இருந்தாலே அவனுக்கு உறைக்கும். அந்த வீடியோவுக்கு விருப்பக்குறி போடாதீர்கள். தமிழ்நாட்டில் பைக் சாகச வீடியோக்களால் பேர் வாங்கிய இளைஞர் ஒருவர் 2023-ல் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. அவரைப் பின்தொடர்ந்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அவரிடம் போதும் என்று சொன்னார்கள்?

இந்தச் சாலைகளில் நம்மைத் தவிர நிறையப் பேர் இருக்கிறார்கள். கராச்சர்மாவில் பள்ளி விட்டதும் கூட்டமாகக் கடக்கும் பிள்ளைகள், வாடகை ஸ்கூட்டரில் முதல் முறை இந்த வளைவுகளைப் பார்க்கும் சுற்றுலாத் தம்பதிகள், பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கி நடந்து வரும் நம் சனங்கள், ஃபெரார்கஞ்ச் பக்கம் தலையில் காய்கறிக் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாக்கள். அவர்களில் யாருக்கும் ஏர்பேக் கிடையாது.

உங்கள் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த பயணத்துக்கு முன் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கடைசி கான்வாயை நம்பிக் கிளம்புவதில்லை, பின்சீட்டிலும் பெல்ட் இல்லாமல் வண்டி நகராது, வளைவில் முந்துகிறவருக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. இந்த மூன்றை மட்டும் முடிவாக எடுத்துச் சேர விரும்பும் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை வண்டிகளை என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்; பிரேக்கையும் டயரையும் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்